பிள்ளையின் கையில் அறுபது டொலர்

தம்பிலுவில்.

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, தங்குமிடமும் போட்டாயிற்று, பிள்ளையின் கையில் செலவுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை என்று போனில் கேட்டாய். முப்பது வருடம் வங்கிக் கவுண்டரில் ஊராரின் காசை எண்ணிய ஆளிடம் கேட்டால் பதில் கடிதமாகத்தான் வரும். பொறுமையாக வாசி.

கொழும்பில் இருக்கும் நம் பெறாமகன் தன் மூன்று பிள்ளைகளோடு வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போய் வந்த கதை உனக்குத் தெரியாது. விமானம், ஹோட்டல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் சதம் தவறாமல் கணக்குப் போட்டுத்தான் போனான். கைச்செலவுக்கு மட்டும் கணக்கில்லை. முதல் கடையில் "விருப்பமானதை எடுங்க" என்றான். இரண்டாவது கடையில் "ஒன்றுதான்" என்றான். மூன்றாவது கடையில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டான். சின்னவள் ஒரு துணிப் புலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எல்லையில்லாமல் விட்டுவிட்டு மத்தியானம் எல்லை போட்டதுதான் பிழை. பிள்ளைக்கு அது காசு முடிந்த கதையாகத் தெரியாது, அப்பாவின் மனம் மாறிய கதையாகத்தான் தெரியும்.

இந்தப் பூங்காக்கள் காசு வாங்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள். 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறந்தபோது வாசலில் பெரியவருக்கு ஒரு டொலர், பிள்ளைக்கு ஐம்பது சதம். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகக் காசு. அதே வருடம் சீட்டுப் புத்தகம் வந்தது. 'ஏ' சீட்டுக்குச் சின்ன விளையாட்டு. 1959இல் வந்த 'ஈ' சீட்டுக்குத்தான் பெரிய விளையாட்டு. பிள்ளைகள் 'ஈ' சீட்டை எதில் செலவழிப்பது என்று யோசித்துத்தான் ஆகவேண்டும். 1982இல் அந்தப் புத்தகம் போனது. வாசலில் ஒரே விலை, உள்ளே எத்தனை முறையும் ஏறலாம். நல்ல வசதிதான். ஆனால் பிள்ளை எண்ணிப் பார்க்கும் வேலையும் அதோடு போயிற்று என்பது மாமாவின் கட்சி. இப்போது எண்ண வேண்டிய இடம் விளையாட்டு முடிந்து வெளியே வரும் வாசல். அந்த வாசல் அனேகமாக ஒரு கடைக்குள்தான் திறக்கும். சிங்கப்பூரின் செந்தோசாவில் நீங்கள் போகப்போகும் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் 'மம்மி' விளையாட்டை விட்டு இறங்கினாலும் சரி, 'டிரான்ஸ்ஃபோமர்ஸ்' முடிந்து வந்தாலும் சரி, கடையைத் தாண்டித்தான் வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

இன்னும் சாமர்த்தியமான ஆட்களும் இருக்கிறார்கள். ஒர்லாண்டோவில் 2010இல் திறந்த ஹரி பொட்டர் பகுதியில் மந்திரக்கோல் கடை ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரு பிள்ளையை அழைத்து, விளக்கை மங்கவிட்டு, காற்றை வீசவிட்டு, "இந்தக் கோல் உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அதை வாங்க வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? தேர்ந்தெடுத்தது கோல், காசு கொடுப்பது தாய்.

நம் பிள்ளைக்குக் காசை எண்ணிச் செலவழிக்கும் வித்தை புதிதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கும்போது ஐந்நூறு ரூபாயைக் கையில் பொத்திக்கொண்டு அவள் கடைத்தெருவைச் சுற்றியதை மாமா பின்னாலிருந்து பார்த்ததுண்டு. முதல் சுற்றில் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டாம் சுற்றில் கச்சான் ஒரு சரை. மூன்றாம் சுற்றில் ஒரு வளையலுக்குப் பேரம். மிச்சக் காசுக்கு ஐஸ்பழம். வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களில் இந்த நிதானம் இருந்தவர்கள் குறைவு. மாமாவோடு வேலை செய்த அக்கரைப்பற்று நானாவும் இப்படி ஒரு கதை சொல்வார். பெருநாள் காசு கிடைத்த அன்றைக்கே முடித்துவிடும் அவரது பேரப்பிள்ளை, கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் கடைகளுக்குப் போகும்போது வெறுங்கையோடு நிற்குமாம். அடுத்த வருடம் பாதியை எடுத்து வைக்குமாம். யாரும் படிப்பிக்கவில்லை.

ஆகவே மாமா சொல்வது ஒன்றுதான். பிள்ளைக்கு என்று ஒரு தொகையைப் போகுமுன்னே முடிவுசெய்து, அந்த நாட்டுத் தாளாகவே அவள் கையில் கொடு. பிறகு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

எவ்வளவு? சிங்கப்பூர் டொலர் ஒன்றை 230 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். நீ மாற்றும் நாளில் கூடலாம், குறையலாம். சித்திரைக் கைவிசேடமும் பிறந்தநாள் காசுமாக அவளது உண்டியலில் 6,000 ரூபாய் இருக்கிறது என்றாய். அது 26 டொலர். நீ ஒரு 34 போடு, மொத்தம் 60. ரூபாயில் 13,800. பயணம் முழுவதற்கும் அவ்வளவுதான். பூங்காக் கடையில் ஒரு நடுத்தரப் பொம்மைக்கு முப்பது டொலர் வரும் என்று வைத்தாலும், பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கு நாலு சின்னச் சாமானும் ஒரு ஐஸ்கிரீமும் அதற்குள் அடங்கும். கிட்டத்தட்டப் பாதி அவளுடைய சொந்தக் காசு என்பதை அவளுக்கு எண்ணிக் காட்டு. தன் காசு என்றால் கை தானாக இறுகும்.

சாப்பாடு, தண்ணீர், பயணம் இவற்றை அவள் தலையில் கட்டாதே. அது உன் பை. செந்தோசாவுக்கு ரயில் ஆளுக்கு 4 டொலர். பாலத்தில் நடந்து போனால் காசில்லை. நீங்கள் மூன்று பேர் பூங்காவுக்குள் மத்தியானம் சாப்பிட அறுபதாவது வேண்டும். இராச்சாப்பாட்டை லிட்டில் இந்தியாவில் தெக்கா சந்தைக்குள் வைத்துக்கொண்டால் செலவு பாதிக்கும் குறையும், சோறும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலைக் கொண்டுபோ. சில விளையாட்டுகளுக்குப் பையை லொக்கரில் வைக்கச் சொல்வார்கள். குறித்த நேரம் வரை இலவசம், தாண்டினால் காசு. அன்றைய நாளுக்கு உன் பையில் தொண்ணூறு டொலர். அதைவிட நூறு டொலர் தனியாக, கைப்பையின் உள் சிப்புக்குள், தொடாமல்.

நீங்கள் போகும் டிசம்பரில் இங்கே கொட்டுகிற அதே வாடைக்காற்று மழைதான் அங்கேயும். மழைக்கோட்டை அக்கரைப்பற்றிலேயே வாங்கிக்கொள். இடி மின்னல் என்றால் வெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், சனம் எல்லாம் கடைக்குள் ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில்தான் காசு கரையும். இன்னொன்று, பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து பார். 'மம்மி'க்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும், 'பாட்டில்ஸ்டார் கலக்டிகா'வுக்கு 125. வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் பிள்ளை அழும், நீ சமாதானத்துக்குப் பொம்மை வாங்குவாய். அந்தப் பொம்மை எந்தக் கணக்கிலும் இருக்காது. ஏற முடியாததை இங்கேயே சொல்லிவிடு. 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் பகுதி அவளுக்குப் போதும்.

காசு மாற்றுவதைக் கடைசி நாளுக்கு வைக்காதே. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதுக்குப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த வருடம் பயணத்துக்கு ரூபாயாகச் சேர்த்து வைத்தவர்களின் காசு கண்ணுக்கு முன்னால் கிட்டத்தட்டப் பாதியாகக் கரைந்தது. பிள்ளையின் அறுபதை மட்டுமாவது இப்போதே மாற்றி வை. பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் வங்கிக்குக் கொண்டுபோ. வங்கிக்கு வெளியே கள்ளமாகக் காசு மாற்றும் உண்டியல்காரரிடம் போகாதே. நம் ஊரில் உண்டியல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள், பிள்ளையினுடைய உண்டியல்தான் யோக்கியமானது. அங்கே நுழையுமுன் நிரப்பவேண்டிய சிங்கப்பூர் வருகை அட்டையை அந்நாட்டு அரசின் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் அது அரசினுடையது இல்லை.

தாள்களைச் சின்னதாக வாங்கு. நாலு பத்து டொலர்த் தாள், பத்து இரண்டு டொலர்த் தாள். ஊதா நிற இரண்டு டொலரின் பின்பக்கம் பள்ளிக்கூடம் இருக்கும். நாணயம் கிடைத்தால் திருப்பிப் பார்க்கச் சொல், "சிங்கப்பூர்" என்று தமிழில் எழுதியிருக்கும். தமிழ் எழுதிய காசை எடுத்துக் கொடுக்க அவளுக்கே கொஞ்சம் மனம் வராது. ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொடு, வாங்கியதை எழுதட்டும். வங்கி அட்டையை நீட்டினால் பிள்ளைக்குக் காசு போவதே தெரியாது, உனக்கும் மாதக் கடைசியில்தான் தெரியும். பெரிய சாமான் ஏதும் நீ வாங்கினால் பில்லை வை. அங்கே விலைக்குள் 9 வீத வரி இருக்கிறது. வரி திருப்பித் தரும் கடையில் நூறு டொலருக்குக் குறையாமல் வாங்கினால் சாங்கி விமான நிலையத்தில் கேட்கலாம். பதினாறு வயதுக்குக் கீழே அது கிடையாது, ஆகவே உன் பெயரில் வாங்கு.

கஷ்டமான பகுதி இனித்தான். முதல் கடையிலேயே அறுபதையும் முடித்துவிட்டு நிற்பாள் என்று பயப்படுகிறாய். நிற்கட்டும். நீ ஒரு டொலரும் போடாதே, திட்டவும் திட்டாதே, "அப்பவே சொன்னேன்" என்றும் சொல்லாதே. பத்து டொலர்ச் சாமான் குப்பை என்று உனக்குத் தெரிந்தாலும் வாயை மூடிக்கொள். கடைக்குக் கடை "இது ரூபாயில் எவ்வளவு தெரியுமா" என்று பெருக்கிக் காட்டாதே. பெருக்குவதை இங்கே ஒருமுறை செய்து முடித்துவிட்டோம். காசு மிஞ்சினால் அதைத் திருப்பி வாங்காதே, அதுவும் அவளுடையதுதான்.

இன்று இரவே அவளை உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல். வரும்போது மாமாவுக்குத் தமிழ் எழுதிய ஒரு டொலர்க் காசு ஒன்று வேண்டும். அதைப் பிள்ளையிடம் கேட்காதே, உன் பையிலிருந்து எடு.

இப்படிக்கு,
மாமா