தாடையில் வளரும் முடி

பெண்ணுக்கு மீசை முளைக்குமா? முளைக்கும். சிலருக்குத் தாடியும் முளைக்கும். இது சாபம் அல்ல. யாரோ கண் வைத்ததால் வந்ததும் அல்ல. பெரும்பாலும் இது உடம்புக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தின் அடையாளம்.

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர், ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இப்போது அங்கே தெருவுக்குத் தெரு பியூட்டி பார்லர் இருக்கிறது. பெண்கள் அங்கே புருவம் திருத்த மட்டும் போவதில்லை. மேல் உதட்டிலும் தாடையிலும் நூல் போட்டு முடி எடுக்கவும் போகிறார்கள். மாதம் ஒரு முறை போகிறவர்கள் உண்டு. வாரம் ஒரு முறை போகிறவர்களும் உண்டு. பார்லருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் குளியல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளேடால் மழிக்கிறார்கள். முந்தானையால் தாடையை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

முடி போகிறது. மறுபடியும் வருகிறது. அது ஏன் வருகிறது என்ற கேள்வியை மட்டும் பலர் கேட்பதில்லை.

எது இயல்பு? எது நோய்?

எல்லாப் பெண்களுக்கும் முகத்தில் பூனைமுடி இருக்கும். அது மெல்லியது. நிறம் குறைந்தது. மேல் உதட்டில் சில கருமுடிகள் இருப்பதும் சகஜம்தான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கலாம். மாதவிலக்கு நின்ற வயதில் தாடையில் இரண்டு மூன்று முடி வருவதும் உண்டு. இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

ஆனால், ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில் பெண்ணுக்கும் தடித்த கருமுடி வளர்ந்தால் கவனிக்க வேண்டும். மேல் உதடு, தாடை, கன்னத்தின் ஓரம், மார்பு, தொப்புளுக்குக் கீழே, முதுகு ஆகியவை அந்த இடங்கள். அதோடு மாதவிலக்கும் தள்ளிப் போகிறதா? முகப்பரு அதிகமா? கழுத்தின் பின்புறம் கறுத்து, வெல்வெட்டுத் துணி போலத் தடித்திருக்கிறதா? அப்படியானால் பார்லர் மட்டும் போதாது. மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

பெண்ணின் வயிற்றுக்குள் கருப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. மாதம் ஒரு கருமுட்டை அங்கே முதிர்ந்து வெளியே வரும். சினைப்பைகள் ஹார்மோன்களையும் சுரக்கின்றன. ஹார்மோன் என்பது இரத்தத்தில் கலந்து போய் வேறொரு இடத்தில் வேலை செய்யும் பொருள். ஆணுக்கு மீசை வளரச் செய்யும் ஹார்மோன் பெண் உடம்பிலும் உண்டு. மிகக் கொஞ்சம்தான் உண்டு. அந்தக் கொஞ்சமும் தேவையானதே.

சில பெண்களுக்கு அது கூடுதலாகச் சுரக்கிறது. அப்போது கருமுட்டை முழுதாக முதிர்வதில்லை. மாதவிலக்கு தவறுகிறது. பூனைமுடி தடித்த முடியாக மாறுகிறது. இந்த நிலைக்குப் பி.சி.ஓ.எஸ். என்று பெயர். பி.சி.ஓ.டி. என்றும் சொல்வார்கள்.

இதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. இன்சுலின் என்றதும் சர்க்கரை நோய் நினைவுக்கு வரும். அந்த நினைப்பு சரிதான். பி.சி.ஓ.எஸ். உள்ள பலரின் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டுகிறது. ஆண் ஹார்மோன் கூடுகிறது. தாடையில் முடி வந்த பெண்ணுக்கு மருத்துவர் சர்க்கரைப் பரிசோதனை எழுதித் தருவது இதனால்தான்.

"கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்று வீட்டில் சொல்வார்கள். இதைக் கேட்டுப் பல பெண்கள் பயந்து அழுகிறார்கள். இவை கர்ப்பப்பையில் இல்லை. உண்மையில் கட்டியும் இல்லை. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள் ஸ்கேனில் மணி மணியாகத் தெரிகின்றன. அவ்வளவுதான். இவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகுதான் மருத்துவ உலகம் இந்த நிலையைத் தனியாகக் கவனித்தது. பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை தொடங்கியதும் அதே 1935இல்தான். இன்று இது அரிய நோய் அல்ல. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது உள்ள 100 பேரில் 70 பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்களாம்.

முடி எடுக்கும் வழிகள்

நூல் போட்டு எடுப்பது முடியை வேரோடு பிடுங்கும். சில வாரம் தாங்கும். மெழுகு போட்டு எடுப்பதும் அப்படித்தான். அடிக்கடி பிடுங்கினால் சிலருக்குப் பரு வரும். கரும்புள்ளி விழும். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும்.

"மழித்தால் முடி அடர்த்தியாக வளரும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது உண்மை அல்ல. முடியின் நுனி இயல்பாகவே கூர்மையானது. மழிக்கும்போது அந்தக் கூர் போய்விடும். அடிப்பகுதி மட்டையாக மேலே வரும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அதனால் தடித்துவிட்டது போலத் தோன்றும். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. பிளேடு அதைத் தொடுவதே இல்லை. சுத்தமான பிளேடால் மழிப்பதில் தவறு இல்லை. ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றவர் தொடக் கூடாது.

முடி நீக்கும் கிரீம் முடியைக் கரைக்கும். அது காரமானது. முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். எரிச்சல் வந்தால் முகத்தில் போடக் கூடாது.

மஞ்சள், குப்பைமேனி, கோரைக்கிழங்கு என்று பாட்டிமார் வைத்தியமும் உண்டு. தோலுக்கு ஒத்துக்கொண்டால் பூசலாம். ஆனால், ஹார்மோனால் தடித்த முடியை மஞ்சள் நிறுத்திவிடும் என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

லேசர் என்பது ஒளியால் முடியின் வேரைச் சுடும் முறை. ஒரு தடவை போதாது. ஆறு தடவைக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நாலைந்து வாரம் இடைவெளி விட வேண்டும். நரைமுடிக்கு இது பயன்படாது. கறுத்த தோலுக்குத் தவறான கருவியைப் பயன்படுத்தினால் தோல் வெந்துபோகும். ஆகவே தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். செலவும் அதிகம். உள்ளே ஹார்மோன் சரியாகாவிட்டால் முடி திரும்ப வரும். கடன் வாங்கி முதலில் லேசருக்குப் போவது புத்திசாலித்தனம் அல்ல.

ஒரு குழாய்க் கிரீமின் ஆபத்து

முகம் வெளுக்கும் என்று சொல்லிச் சில கிரீம்களை விற்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வாங்கிப் பூசுகிறவர்கள் ஏராளம். இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை அப்படிப்பட்ட மருந்துகள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும். சிவந்துபோகும். பரு வெடிக்கும். முகத்தில் முடியும் வளரும்! முடி வளர்ந்த முகத்துக்கு மேலும் அதே கிரீமைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது. எனவே குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம். எரிச்சல் கூடும். தோல் மருத்துவரிடம் குழாயைக் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேட்க வேண்டும்.

ஊர் வாய்

"கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. பி.சி.ஓ.எஸ். தாலி கட்டினால் போகும் நோய் அல்ல. "இவளுக்குப் பிள்ளை பிறக்காது" என்றும் சொல்வார்கள். அதுவும் பொய். சிலருக்குக் கரு தரிக்கத் தாமதம் ஆகலாம். கருமுட்டை வெளிவர உதவும் மாத்திரைகள் இருக்கின்றன. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பலர் தாயாகியிருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. ஒரு மாணவி 600க்கு 591 மதிப்பெண் வாங்கி மாநிலத்தில் முதலாவதாக வந்தார். அவருடைய படம் வெளியானது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவர் முகத்தில் இருந்த முடியைச் செல்போனில் ஆயிரக்கணக்கானோர் கேலி செய்தார்கள். பத்தாவது படிக்கும் பிள்ளையைப் படித்தவர்களே இப்படிப் பேசினார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். சிலர் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போகிறார்கள். அப்படி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு.

காலண்டரில் ஒரு வட்டம்

மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது?" பலருக்குத் தேதி நினைவு இருக்காது. இன்றே தொடங்குங்கள். மாதவிலக்கு வந்த நாளைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது. தேதி எழுதத் தெரிந்தால் போதும்.

ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே 35 நாளுக்கு மேல் அடிக்கடி ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதம் வராமல் இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. அசுத்த இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை. ஆனால், கருப்பையின் உள்தோல் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பல வருடம் இப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. முகத்து முடியை விடக் கவனிக்க வேண்டியது இதுதான். வயதுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன பெண்ணுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. ஸ்கேனை மட்டும் பார்த்து அவளுக்குப் பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டக் கூடாது.

சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்கிறதா? குரல் ஆண் குரல் போல மாறுகிறதா? அப்படியானால் ஒரு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். அது சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேல் உள்ள சுரப்பியிலோ கட்டியாக இருக்கலாம்.

கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் வாணி விலாஸ் இருக்கிறது. அது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை. சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல் இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிப் பெண்கள் நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். கன்னடம் சரியாக வராதவர்கள் இரண்டு வரியைப் பழகிக்கொள்ளலாம். "முட்டு சரியாகி ஆக்தா இல்ல" என்றால் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று பொருள். "முகத மேலே கூதலு பெளீதா இதெ" என்றால் முகத்தில் முடி வளர்கிறது என்று பொருள். கன்னடத்துக் கூதலு நம் கூந்தலுக்கு உறவுதான்.

இரத்தத்தில் ஆண் ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை முதலியவற்றைப் பார்ப்பார்கள். தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள். உடம்பு கனமாக இருந்தால் எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள். 70 கிலோ உள்ளவர் நாலு கிலோ குறைத்தாலே மாதவிலக்கு சீராகத் தொடங்கலாம். தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ராகி நல்லதுதான். ஆனால், மூன்று உருண்டை முத்தே சாப்பிட்டால் எடை குறையாது. ஒல்லியான பெண்களுக்கும் இந்த நோய் உண்டு. ஆகவே "தின்று தின்று வந்தது" என்று யாரையும் ஏசக் கூடாது.

முடிக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் கருத்தடை மாத்திரை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று தாய்மார் திடுக்கிடுவார்கள். இந்த மாத்திரை ஆண் ஹார்மோனைக் குறைக்கிறது. மாதவிலக்கையும் சீராக்குகிறது. இங்கே அது மருந்தாகத் தரப்படுகிறது. இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கால் நரம்பில் இரத்தம் உறைந்தது ஆகியவை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. சிலருக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையும் தருவார்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் ஆகக் கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தையை அது பாதிக்கலாம். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவும். முடிக்கு அதன் பலன் குறைவு.

ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு, "முடி போகவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் பலர். ஏற்கெனவே முளைத்த முடியை மாத்திரை உதிர்க்காது. இனி முளைக்கும் முடியைத்தான் மெலிதாக்கும். அது கண்ணுக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும். அதுவரை நூல் போடுவதையோ மழிப்பதையோ நிறுத்த வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை பார்லருக்குப் போன பெண் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்று ஆனாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தேதிகளையும் அதே நோட்டில் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டலாம்.