ஒரே கணினியில் ஒரு வலையமைப்பு

கணினி வலையமைப்புப் பாடத்தில் ஐ.பி. முகவரியின் வரையறையை மாணவர்கள் எளிதில் ஒப்பித்துவிடுகின்றனர். அதை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் தயங்குகின்றனர். ஆய்வக இணைப்பில் கைவைத்துப் பழகச் சொல்லவும் நம்மால் இயலாது. தவறான ஒரு முகவரி, பிறர் இணைப்பையும் பாதிக்கலாம். இதற்கு ஒரு வழி, திறந்தமூல மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ். இது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும்.

இணைப்பு முறைகள்

நாட்: இயல்பாக அமைவது. மெய்நிகர் கணினி இணையத்தை அடையும். வெளியிலிருந்து அதை நேரடியாக அடைய இயலாது.
பிரிட்ஜ்டு: ஆய்வக வலையமைப்பில் தனிக் கணினி போலவே சேரும். பயிற்சிக்கு இதைத் தவிர்க்கவும்.
ஹோஸ்ட் ஒன்லி: நம் கணினியும் மெய்நிகர் கணினிகளும் மட்டும் பேசிக்கொள்ளும்.
இன்டர்னல்: மெய்நிகர் கணினிகள் மட்டுமே தமக்குள் பேசிக்கொள்ளும். நமக்கு ஏற்றது இதுவே.

செயல்பாடு

1. ஒரு மெய்நிகர் கணினியில் லினக்ஸ் நிறுவி, அதற்கு ஒரு நகல் எடுக்கவும். நகலெடுக்கும்போது புதிய மேக் முகவரி உருவாக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்கவும். இல்லையெனில் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி அமைந்து இணைப்பு குழம்பும்.
2. இரண்டிலும் இன்டர்னல் முறையைத் தேர்ந்து, வலையமைப்புக்கு ஒரே பெயர் தரவும்.
3. 192.168.10.1, 192.168.10.2 என முகவரி தரவும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே வேண்டாம்.
4. முதல் கணினியிலிருந்து மற்றதற்கு பிங் கட்டளை தரவும். பதில் வரும்.
5. இரண்டாவதன் முகவரியை 192.168.20.2 என மாற்றி, அந்த முகவரிக்கு பிங் செய்யவும். பதில் வராது.
6. பழைய முகவரிக்குத் திரும்பி, ஒரு கணினியில் மட்டும் வலையமைப்பின் பெயரை மாற்றவும். இப்போதும் பதில் வராது.

கலந்துரையாடல்

ஐந்தாம், ஆறாம் படிகளில் திரையில் வரும் பிழைச் செய்திகளை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். இரண்டும் வேறுவேறானவை. முன்னதில் அந்த வலையமைப்புக்குச் செல்லும் வழியே முதல் கணினிக்குத் தெரியாது. பின்னதில் முகவரி சரி. ஆனால் இரு கணினிகளும் வெவ்வேறு ஸ்விட்சில் செருகியது போலப் பிரிந்துள்ளன. முகவரி வேறு, இணைப்பு வேறு என்னும் கருத்து இங்கே தெளிவாகும்.

மதிப்பீடு

மாணவர் அறியாமல் ஏதேனும் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, பழுதைக் கண்டறியச் சொல்லவும். விடையைவிட, எதை முதலில் சோதித்தார், ஏன் என்பதற்கே மதிப்பெண் தரலாம்.