கெட்ட மாதத்தை வைத்துப் படி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் விமானக் கம்பெனி பைலட்டுகளுக்கு நீட்டியிருக்கும் புது ஒப்பந்தத்தைப் பற்றி உன் அப்பா சொன்னான். நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாட்ஸப்பில் மல்லுக்கு நிற்கிறீர்களாம். “மணிக்கு ரேட் ஏறுகிறது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு” என்று ஒரு கட்சி. “எல்லோரும் ஒரே நாளில் சிக் லீவு போடுவோம், தானாக வழிக்கு வருவார்கள்” என்று மறு கட்சி. கேப்டனாக இருந்தபோது சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இரண்டு கட்சியும் முதலில் அந்தக் காகிதத்தைப் படிக்கட்டும். அதையும் கெட்ட மாதத்தை மனதில் வைத்துப் படிக்கட்டும்.

நம் சம்பளத்தில் பெரும் பங்கு பறக்கும் மணிக்கணக்கில் வருவது. அதனால் மணிக்கு எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் எத்தனை மணி நேரத்துக்குக் காசு உறுதி என்பது மறுபாதி. கணக்குக்காக வைத்துக்கொள்: பழைய ஒப்பந்தத்தில் மணிக்கு 3,000 ரூபாய், 70 மணி நேரம் உறுதி. புதியதில் மணிக்கு 4,000, உறுதி 40 மணி. மாதம் 75 மணி பறந்தால் 2,25,000 வந்த இடத்தில் 3,00,000 வரும். எல்லோர் கண்ணுக்கும் தெரிவது இதுதான். விமானம் கிடைக்காமல் 35 மணிதான் பறந்தாய் என்றால்? பழைய கணக்கில் 2,10,000, புதியதில் 1,60,000. 52.5 மணிக்குக் கீழே போனால் உனக்கு நஷ்டம்தான். நல்ல விளைச்சலைப் பார்த்துக் குத்தகை பேசுகிறவன் வறட்சியில் நிலத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இது என் கற்பனைப் பயம் அல்ல. 2023-இல் ஏர் இந்தியாவிலும் 2024-இல் விஸ்தாராவிலும் பைலட்டுகள் கொதித்தெழுந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், 70 மணி என்றிருந்த உறுதி 40 ஆனது. ஏர் இந்தியாக்காரர்கள் 1,500 பேருக்கு மேல் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கே மனு அனுப்பினார்கள். விஸ்தாராவில் பணிக்கு ஆள் போதாமல் தினமும் 25 முதல் 30 விமானங்கள் வரை குறைக்க வேண்டி வந்தது.

கெட்ட மாதம் எப்போது வரும் என்று கேட்பாய். நீ படிக்கும்போதே வந்ததே! 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி நின்றது. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறு பல கம்பெனி விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இதில் எதற்கும் பைலட் காரணமில்லை. சும்மா நிற்கும் விமானத்தின் சுமையைக் கம்பெனி எவ்வளவு ஏற்கும், நீ எவ்வளவு ஏற்பாய் என்பதைத்தான் அந்த உறுதி மணி நேரம் தீர்மானிக்கிறது.

கம்பெனியே கவிழ்ந்தால் உறுதியும் காகிதம்தான் என்பதையும் தெரிந்துகொள். 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பைலட்டுகளுக்கு மாதக்கணக்கில் பாக்கி இருந்தது. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நின்று, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் போனதையும் சொன்னார். அதனால் பயிற்சிக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் தவணை கட்டும்போது உறுதித் தொகையை மட்டும் சம்பளமாக நினை. மேலே வருவதைச் சேமி.

ஓய்வைக் காசுக்கு விற்காதே. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனதும், இரவு லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் சும்மா கிடைத்தவை அல்ல. பைலட் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய் நின்றன. அந்த விதி முழுமையாக அமலான அடுத்த மாதமே, 2025 டிசம்பரில், இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. போதிய பைலட்டுகளைத் தயாராக வைத்திருக்காத கம்பெனிக்காக இரவு விதிகள் இரண்டு மாதத்துக்கு மேல் தளர்த்தப்பட்டன. சட்டத்தில் இருப்பதே இப்படித் தளரும் என்றால், உன் ஒப்பந்தத்தில் ஓய்வைப் பற்றி மழுப்பலாக ஒரு வரியும் இருக்கக் கூடாது.

சிக் லீவு யோசனைக்கு வருகிறேன். அது வேண்டாம், அம்மா. “எனக்கு முடியவில்லை, இன்று பறக்க மாட்டேன்” என்று சொல்லும் உரிமை நம் தொழிலில் பயணியின் உயிரைக் காப்பது. பேரத்துக்கு அதைப் பொய்யாகப் பயன்படுத்தினால், நாளை நிஜமாகவே களைத்துப்போனவன் சொல்வதையும் நம்ப மாட்டார்கள். வேலையை உதறிவிட்டு ஓடுவதும் வேண்டாம். 2017 விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசரான உனக்கு ஆறு மாதம் நோட்டீஸ். இவ்வளவு நீளமாகக் கட்டிப்போடும் வேலையில் பேரம் பேச ஏற்ற நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

நிர்வாகத்தின் கணக்கும் உனக்குத் தெரிய வேண்டும். எரிபொருள் அவர்கள் செலவில் பெரும் பங்கு. விமான வாடகை டாலரில் போகிறது. அதை ஒத்துக்கொண்டு பேசினால் உன் பேச்சுக்கு மதிப்பு வரும். கேப்டன்களுக்கு மட்டும் ரேட்டை ஏற்றி ஃபர்ஸ்ட் ஆபீசர்களின் உறுதியைக் குறைக்கும் சமரசம் வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீனியரும் ஜூனியரும் பிரிந்த பிறகு பேச்சுவார்த்தை என்று ஒன்று இருக்காது.

இந்த வாரம் மூன்று வேலை செய். சென்ற பன்னிரண்டு மாத ரோஸ்டரை எடுத்துப் பழைய கணக்கிலும் புதுக் கணக்கிலும் ஒவ்வொரு மாதத்துக்கும் சம்பளம் போட்டுப் பார். அதில் மிகக் குறைந்த மாதத்தை வாட்ஸப் குழுவில் போடு, வாக்குவாதம் வேண்டாம். பிறகு பாண்டு, நோட்டீஸ் பிரிவுகளை ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் காட்டு. அந்தச் செலவு என்னுடையது. அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா