ஊதும் மிஷினும் எச்சில் பட்டையும்

என் அப்பா லாரி ஓட்டுகிறார். போன தீபாவளி லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது, "ஏம்ப்பா, சளி மாத்திரை போட்டுட்டு ஓட்டினா, போலீஸ் ஊதச் சொல்ற மிஷின்ல காட்டுமா?" என்று கேட்டார். டிப்ளமோ படிக்கிற பையன் என்றால் வீட்டில் எல்லா மிஷினுக்கும் அவன்தான் பொறுப்பு! படித்துத் தெரிந்துகொண்டதை நண்பர்களுக்கும் சொல்கிறேன்.

ஊதும் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு சிறிய எரிபொருள் மின்கலம். மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினம் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கிறது. ஆல்கஹால் கூடினால் மின்னோட்டமும் கூடும். அதை ரத்த அளவாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 185-ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். ஆனால் கஞ்சா இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது.

அதற்குத்தான் எச்சில் சோதனை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 டிசம்பரில் சாலையோரத்தில் இதைத் தொடங்கினார்கள். இதற்கான பட்டைகளில் பலவும் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. கோடு விழவேண்டிய இடத்தில் போதைப்பொருளின் மூலக்கூறுகளை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். நிறம் ஏற்றிய எதிர்ப்பொருள் எச்சிலோடு சேர்ந்து ஓடி வரும். எச்சில் சுத்தமென்றால் அது கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறம் தெரியும். எச்சிலிலேயே போதைப்பொருள் இருந்தால், முதல் ஸ்டாப்பிலேயே பஸ்ஸில் சீட் நிரம்பிவிடுகிற மாதிரி, எதிர்ப்பொருளின் இடமெல்லாம் வழியிலேயே நிரம்பிவிடும். கோடு விழாது. கோடு விழாவிட்டால்தான் வம்பு!

இதை முழுதாக நம்பிவிடலாமா? விக்டோரியாவில் முதல் நாளிலேயே, காமிராக்கள் சூழ நிற்க, ஒரு ஓட்டுநர் 'மாட்டினார்'. பிறகு ஆய்வகத்தில் பார்த்தால் எச்சிலில் ஒன்றுமில்லை. அதற்குள் அவர் முகம் ஊரெல்லாம் பரவிவிட்டது. பட்டை வெறும் சல்லடைதான். ஆய்வகம் சொல்வதே தீர்ப்பு.

இன்னொன்று. அந்த மாநிலத்தில் கஞ்சாவின் சத்து எச்சிலில் இருந்தாலே குற்றம். தடுமாறினாரா என்று பார்ப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் 185-ஆம் பிரிவோ, போதைமருந்தால் வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்று கேட்கிறது. கேள்வி நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதை அளக்க மீட்டர் எங்கே இருக்கிறது?

அப்பாவிடம், "சளி மாத்திரை ஊதுற மிஷின்ல காட்டாதுப்பா. ஆனா குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைன்னா தூக்கம் வரும்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, "அந்தப் பேரு இதுல இருக்கான்னு பாரு" என்றார். இருந்தது. ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தார். லோடு காலையில் எடுக்கிறேன் என்று ஓனருக்கு போன் பண்ணிவிட்டுப் படுத்துக்கொண்டார்.