பவர் கண்டிஷனர் வாங்கும் முன் இரைச்சலை அளந்து பாருங்கள்!

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்கிறதா? ‘கரண்ட் சுத்தமில்லை, பவர் கண்டிஷனர் போடுங்கள்’ என்ற யோசனை உடனே வந்துவிடும். விலை ஆயிரக்கணக்கில் இருக்கும். அது நம் வீட்டில் எவ்வளவு பலன் தரும் என்பதை நாமே அளந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் அளக்க வேண்டிய இடம் பிளக் பாயின்ட் அல்ல, ஒலி வெளியே வருகிற இடம்.

1. முதலில் இரைச்சலின் குணத்தைக் கவனியுங்கள். தாழ்ந்த ‘உம்ம்’ என்றால் அது 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரும் ஹம். ‘கிர்ர்’ என்று கூர்மையாகக் கேட்டால், பெரும்பாலும் வீட்டிலுள்ள வேறு மின்சாதனம் ஏதோ கிளப்பிவிடுவது. வால்யூமைத் திருப்பினாலும் மாறாத மெல்லிய ‘ஸ்ஸ்’ பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் சொந்தச் சத்தம். அதைக் கண்டிஷனரால் குறைக்க முடியாது.

2. ட்வீட்டர் அருகே காதை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஃபேன் ரெகுலேட்டரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பழைய சுழல் ரெகுலேட்டர்களில் பல, மின் அலையை வெட்டி வெட்டி அனுப்புபவை. நடு வேகத்தில் ‘கிர்ர்’ எழுந்து முழு வேகத்தில் அடங்கினால் காரணம் அதுதான். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினால் போதும், செலவும் குறைவு. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றையும் இப்படியே ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

3. ஹம் கேட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு வரும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கட்டும். டிவி கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றுவிட்டால், இரண்டு வழியாக எர்த் சுற்றி வருகிறது என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகினால் பல வீடுகளில் இது தீர்ந்துவிடும். ஹம் போக வேண்டும் என்று எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். அது உயிர்க்காப்பு.

4. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்டிஷனருக்குள் இருக்கும் சில கெபாசிட்டர்கள் இரைச்சலை எர்த்துக்குத்தான் தள்ளுகின்றன. எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டியின் உலோக உடலைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கலாம்.

5. கருவி இல்லாமலே அளக்கலாம். இரவு ஃபேனை நிறுத்தி, பாட்டு இல்லாமல், வால்யூமை வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் நகர்ந்து, இரைச்சல் காதில் விழாமல் போகும் தூரத்தை டேப்பால் அளந்து குறியுங்கள். கண்டிஷனர் போட்டபின் அந்தத் தூரம் 60 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ. ஆகக் குறைந்தால் இரைச்சல் ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்திருக்கிறது.

6. துல்லியம் வேண்டுமானால், ஆம்ப்ளிஃபயரின் பிரீ-அவுட்டை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, லேப்டாப்பில் முப்பது விநாடி மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் செருகினால் அதுவே ஹம் சேர்க்கலாம். ஸ்பீக்கர் முனையை இன்டர்ஃபேஸில் நேரடியாக இணைக்காதீர்கள், கருவி பழுதாகும். பிளக் பாயின்டிலிருந்து எந்த வயரையும் அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

7. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்து, அளவை 65536 என்று வையுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் முள் போல நிற்பவை ஹம். கண்டிஷனர் இல்லாமல், போட்டு, மறுபடி இல்லாமல் என்று மூன்று முறை பதிவு செய்யுங்கள். ரெக்கார்டிங் அளவைத் தொடக்கூடாது. கண்டிஷனர் இல்லாத இரண்டு பதிவுகளுக்குள்ளேயே 2 டெசிபல் வித்தியாசம் இருந்தால், கண்டிஷனர் காட்டும் 2 டெசிபலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

8. டெசிபல் கணக்கு எளிது. 6 குறைந்தால் இரைச்சலின் வோல்டேஜ் பாதி, 20 என்றால் பத்தில் ஒன்று, 40 என்றால் நூறில் ஒன்று. அட்டைப்பெட்டியில் ‘40 டெசிபல்’ என்று போட்டிருந்தால் எந்த ஹெர்ட்ஸில் என்று கேளுங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் என்றால் அதற்கும் ஹம்முக்கும் தொடர்பில்லை. நமக்கு வரும் கரண்டே 50 ஹெர்ட்ஸ்தான், அதை வடிகட்டினால் ஆம்ப்ளிஃபயர் ஓடாது. பெரும்பாலும் இந்த எண்கள் இரு பக்கமும் 50 ஓம் வைத்து ஆய்வகத்தில் எடுத்தவை, வீட்டு வயரிங் அப்படி இருப்பதில்லை.

9. சாக்கெட்டில் செருகும் இரைச்சல் மீட்டரில் எண் சட்டென்று இறங்குவதைக் காட்டி விற்பார்கள். எண் இறங்குவது உண்மைதான். ஆனால் அது அளப்பது பெரும்பாலும் காதுக்கு எட்டாத உயர் அலைகளை. நல்ல ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை அவற்றில் பெரும்பகுதியைத் தானே தடுத்துவிடும்.

10. பெயர்களில் குழம்ப வேண்டாம். ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சீராக்கும், சர்ஜ் பாதுகாப்பு உள்ள ஸ்பைக் பஸ்டர் திடீர் உயர் வோல்டேஜைத் தடுக்கும். இரண்டும் இரைச்சலுக்கான மருந்தல்ல. மின்னலுக்கும் வோல்டேஜ் ஏற்றத்துக்கும் பயந்தால் அதற்கு உரியதை மட்டும் வாங்குங்கள்.

11. திருப்பித் தர அனுமதிக்கும் கடையிலேயே கண்டிஷனரை வாங்குங்கள். அளவு குறைந்து, காதுக்கும் வித்தியாசம் தெரிந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள்.