வாழைக் கன்றில் மறைந்துறையும் முடிக்கொத்து நோயைக் கண்டறிதல்

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையிலும், விருப்பாட்சிக்கு மேலுள்ள கீழ்ப்பழனி மலைகளிலும் விளையும் மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உகந்ததெனப் பெயர் பெற்றது. 1970-ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த இதன் சாகுபடி, பின்னர் ஏறக்குறைய 2,000 ஹெக்டேராகக் குறுகிற்று. இக்குறைவிற்கு முதன்மையான காரணம் முடிக்கொத்து நோயேயாகும். 1940-ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையினின்று கேரளப் பகுதியில் புகுந்த இந்நோய், நடவுக் கன்றுகளோடு மலையேறிற்று. சமவெளித் தோட்டங்களுக்கும் இது வரும் வழி அதுவே.

நோயுற்ற வாழையின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். இலைகள் குறுகி, விளிம்பு வெளுத்து, நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கும். அத்தகைய வாழை தார் ஈனுவது அரிது. இவ்வடையாளங்களை அறியாத வாழைக் குடியானவர் இலர். எனினும் அசுவினி நச்சுயிரியைச் செலுத்திய பின், குறி வெளிப்படுவதற்குக் குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் செல்லும். தாய்மரத்தின் கிழங்கு வழியாகப் பக்கக் கன்றுகளுக்கும் நச்சுயிரி பரவிவிடும். இவ்விடைவேளையில் பெயர்த்தெடுக்கும் கன்று, பார்வைக்குக் குற்றமற்றதாயிருந்தும் நோயைச் சுமந்தே செல்லும்.

கண்ணுக்குத் தெரியாத இதனைக் கண்டறிய எதிர்ப்பொருட் சோதனை உதவுகின்றது. பிராணியின் உடலில் அயற்பொருளொன்றைச் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. ஆனால் முடிக்கொத்து நச்சுயிரி, வாழையின் உணவுக் குழாய்களில் மட்டும் சிறிதளவே உறைவதால், அதனை வாழைச் சாற்றினின்று முற்றும் பிரித்தல் கடினம். கலப்புள்ள மருந்து செலுத்தப்பட்ட பிராணியின் சீரம், நல்ல வாழையின் சாற்றையும் ஓரளவு பற்றி ஐயத்திற்கிடமளிக்கும். 1975-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் இக்குறை தீர வழி கண்டனர். சுண்டெலியின் மண்ணீரல் அணுக்களைப் புற்றணுக்களோடு இணைத்து, ஒரே அணுவின் சந்ததியைத் தனியே வளர்த்தால், அது ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது தரும். இதுவே மானோகுளோனல் எதிர்ப்பொருள். வாழை நச்சுயிரிக்கு இத்தகையதொன்றைத் தைவான் நாட்டு அறிஞர் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

சோதனையில், சிறுகுழிகள் கொண்ட தட்டில் எதிர்ப்பொருளைப் படியவைத்து இலைச்சாற்றை இடுவர். நச்சுயிரி அதிற் சிக்கினால், நொதி பிணைத்த மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டி, சாயப்பொருளை நிறமாக்கிக் காட்டும். பல மரங்களின் சாற்றை ஒரே தட்டில் சோதிக்கலாம் என்பது இதன் பெருஞ் சௌகரியம். மிகச் சிறிதளவு நச்சுயிரியையும் காணப் பி.சி.ஆர். என்னும் மரபுப்பொருட் சோதனை இப்போது வழங்குகின்றது.

மாதிரி எடுப்பதிலேயே பலர் தவறுவர். நோய் ஏறுமுன் விரிந்துவிட்ட முதிர்ந்த இலையில் நச்சுயிரி பெரும்பாலும் அகப்படாது. ஆகையால் கடைசியாக விரிந்த இளம் இலையின் நடுநரம்பையே அனுப்புதல் வேண்டும். சோதனையில் நிறம் தோன்றாமை அன்றைய நிலையை மட்டுமே குறிக்கும். மறுவாரமே அசுவினி வந்து தொற்றவைக்கலாம். திசு வளர்ப்பு நாற்றாயினும், தாய்மரம் சோதிக்கப்பட்டதா என்று கேட்டறிதல் அவசியம். நோயுள்ள தாயினின்று பெருக்கிய நாற்றும் நோயுள்ளதாயிருக்கக் கூடும். இது குறித்துத் திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தாரை விசாரிக்கலாம்.

நோய் உறுதிப்பட்ட மரத்தை உடனே வெட்டிச் சாய்த்தல் கூடாது. அசுவினிகள் கலைந்து அண்டை மரங்களில் ஏறும். முதலில் குருத்திலும் அடிமட்டைகளிலும் மருந்தடித்து அவற்றைக் கொன்ற பின்னரே, கிழங்கு, பக்கக் கன்றுகள் யாவற்றையும் எஞ்சாது தோண்டியெடுத்து அழித்தல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள், பராமரிப்பின்றி விடப்பட்ட பழைய வாழைக் குத்துகளின் உடையவர்களுக்கும் இதனை நடவுக்கு முன்னரே தெரிவித்தல் நலம்.