உச்சரிக்கப்படாத திருநாமம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களது வழிபாட்டில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ‘அல்லேலூயா’. எபிரேய மொழியில் ‘யாவைத் துதியுங்கள்’ என்பது அதன் பொருள். ‘யா’ என்பது இறைவனின் திருநாமச் சுருக்கம். அந்த நாமத்தின் முழு வடிவமோ கத்தோலிக்க வழிபாட்டில் ஒலிப்பதற்குரியதன்று. வழிபாட்டிலும் பாடல்களிலும் அதை உச்சரிக்கலாகாது என்று 2008-ஆம் ஆண்டில் வாடிகன் உலகெங்குமுள்ள ஆயர் பேரவைகளுக்கு அறிவுறுத்தியது. சுருக்கத்தைப் பாடலாம், முழுமையை மௌனத்தில் போற்ற வேண்டும். இந்த மரபின் உட்பொருள் யாது?

நாமம் வெளிப்பட்ட இடம்

சீர்திருத்தத் திருச்சபையினர் ‘யாத்திராகமம்’ என்றும், கத்தோலிக்கர் ‘விடுதலைப் பயணம்’ என்றும் வழங்கும் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் இந்த வரலாறு உள்ளது. மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேபு மலைக்கு வருகிறார் மோசே. அங்கே ஒரு முட்செடி தீப்பற்றி எரிகிறது; ஆயினும் கருகவில்லை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் மக்களை மீட்டு வருமாறு அதனுள்ளிருந்து கட்டளை பிறக்கிறது. அந்தப் பணிக்குத் தாம் எம்மாத்திரம் என்று தயங்குகிறார் மோசே. அவரது தகுதியைப் பற்றி இறைவன் ஒன்றும் கூறவில்லை. தாம் உடனிருப்பதாக மட்டும் வாக்களிக்கிறார். அதன் பிறகே மோசே அவரது பெயரைக் கேட்கிறார்.

கிடைத்த விடையின் மையச் சொல் ‘எஹ்யே’. ‘இரு’ என்னும் வினையின் தன்மை வடிவம் அது. ‘இருக்கிறேன்’ என்றும் ‘இருப்பேன்’ என்றும் அது பொருள்படும். அதே வேரோடு தொடர்புடையதாக விளங்குவதுதான் நான்கு மெய்யெழுத்துகளாலான திருநாமம். எபிரேய வேதத்தில் அது ஏறத்தாழ 6,800 முறை வருகிறது. யூதர்கள் பக்தியினால் அதை உச்சரிக்காமல், அவ்விடங்களில் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’ என்று படித்தனர். அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை நான்கு மெய்களோடு சேர்த்துப் படித்ததால் பிற்காலத்தில் தோன்றியதே ‘யேகோவா’ என்னும் வடிவம்.

சத்தும் துணையும்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, ‘எஹ்யே’ என்பதை ‘இருப்பவர்’ என்னும் பொருளில் தந்தது. இறைவனே முழுமையான இருப்பு என்ற கிறிஸ்தவத் தத்துவச் சிந்தனைக்கு இது வழி திறந்தது. வேதாந்தம் பயின்றவருக்கு இங்கே ‘சத்’ நினைவுக்கு வருவது இயல்பே. பகவான் ரமண மகரிஷியும் இந்த விவிலிய வாசகத்தை அன்பர்களுக்குப் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

எனினும், ‘இரண்டும் ஒன்றே’ என்று கூறி விரைந்து கடந்துவிட்டால் ஒரு முக்கியமான பொருளை இழந்துவிடுவோம். மோசேக்கு உடனிருப்பதாக வாக்களித்தபோதும் இறைவன் பயன்படுத்திய சொல் இதே ‘எஹ்யே’தான். ஆகவே கிறிஸ்தவ நம்பிக்கையில் இந்த நாமம் இருப்பை மட்டும் குறிப்பதன்று. அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்து, அவர்களை விட்டகலாதிருக்கும் இருப்பைக் குறிப்பது. ‘அவர் உள்ளார்’ என்ற அறிவோடு ‘அவர் கைவிடார்’ என்ற உறுதியும் அதில் இணைந்துள்ளது.

தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் இந்தச் சிந்தனைக்கு இடமுண்டு. 1871-ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு இந்த நாமம் வரும் இடங்களில் ‘கர்த்தர்’ என்றது. 1995-ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘ஆண்டவர்’ என்கிறது. இரண்டும் ‘அதோனாய்’ என்று படித்த பழைய மரபைத் தழுவியவை. ‘கர்த்தர்’ என்பதற்குத் தலைவர் என்று பொருள் கொண்டாலும், அதன் வடமொழி மூலமான ‘கர்த்தா’ செய்பவனைக் குறிக்கும். இருப்பவரைச் செயலிலே அறிந்த மக்களின் அனுபவத்துக்கு அது பொருந்தாத சொல்லன்று.

சொல்லும் நாமத்தில் சொல்லா நாமம்

‘இயேசு’ என்னும் பெயரின் எபிரேய மூலம் ‘யாவே மீட்கிறார்’ என்று பொருள்படும். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், ஆபிரகாமுக்கு முன்பே தாம் இருப்பதாக இயேசு கூறுகிறார். அதில் ஓரேபு மலையின் குரலையே கிறிஸ்தவர்கள் கேட்கின்றனர். உச்சரிக்கப்படாத நாமம், அவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் நாமத்துக்குள் உறைந்திருக்கிறது.

நாம ஜபம் செய்யும் சாதகர் எவரும் இதில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நாமம் இறைவனை நம் விருப்பத்துக்கு வளைக்கும் கருவியன்று. பழக்கத்தால் தேய்ந்துபோக வேண்டிய ஒலியுமன்று. மோசே பெயரைக் கேட்டார், பெற்றதோ துணை. அத்துணையை உணர்ந்து ஒருமுறை சொன்னாலும், அந்த நாமம் வீணாகச் சொல்லப்பட்டதாகாது.